அலெக்சாந்திரியாவின் கடலடியில்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, என்னை அன்போடு அறிமுகப்படுத்திய செயலாளர் அவர்களே, அலுவல் நெருக்கடிக்கிடையிலும் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் துறைமுகப் பொறியாளர் பெருமக்களே, கடலோர ஊர்களிலிருந்து திரளாக வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

எகிப்தின் அலெக்சாந்திரியாவைப் பற்றி மூன்று செய்திகள் பேச எண்ணி வந்தேன்: நகரின் தோற்றம், நூலகம், கலங்கரை விளக்கம். கி.மு. 331இல் அலெக்சாந்தர் நிறுவிய அந்நகருக்கு எதிரே பாரோஸ் தீவு இருந்தது. தீவையும் கரையையும் நீண்டதொரு கற்பாதை இணைத்ததால், அதன் இருபுறமும் இரண்டு துறைமுகங்கள் அமைந்தன. நம் பழைய சேரநாட்டுத் துறைமுகமான முசிறியில் ஏற்றிய சரக்கு செங்கடல் கடந்து அந்நகருக்குப் போய்ச் சேர்வது குறித்த கி.பி. 2ஆம் நூற்றாண்டுக் கடன் ஒப்பந்தம் ஒன்று வியன்னாவில் இன்றும் இருக்கிறது.

பாரோஸ் தீவில் நின்ற கலங்கரை விளக்கத்துக்கு வருகிறேன். அதை எழுப்பிய சோஸ்திரட்டஸைப் பற்றி லூசியன் என்ற பண்டைய எழுத்தாளர் ஒரு கதை சொல்கிறார். சோஸ்திரட்டஸ் தம் பெயரைக் கல்லில் வெட்டினாராம். அதன்மேல் சாந்தைப் பூசி மறைத்து, சாந்தின்மேல் அரசனின் பெயரை எழுதினாராம். அரசன் இருந்த வரையில் அரசன் பெயரே தெரிந்தது. காலம் போகப் போகச் சாந்து உதிர்ந்தது. அரசனின் பெயரும் அதோடு உதிர்ந்தது. உள்ளேயிருந்த கல் பேசத் தொடங்கியது! 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பார்கள் நம் பெரியவர்கள். அந்த மனிதர் சாந்தைக்கூட அளந்துதான் பூசியிருக்கிறார்.

1303ஆம் ஆண்டு நிலநடுக்கம் உட்படப் பல நடுக்கங்களில் சிதைந்த அந்த விளக்கம் நின்ற இடத்தில், 1477இல் சுல்தான் கைத்பே கோட்டை கட்டினார். கோட்டையை அலை அரிக்காதிருக்க, 1990களின் தொடக்கத்தில் கான்கிரீட் பாளங்களைக் கடலில் கொட்டினார்கள். அங்கே சிலைகள் கிடப்பதைக் காமல் அபு எல்-சதாத் என்ற எகிப்திய முக்குளிப்பாளர் 1960களிலேயே கண்டு சொல்லியிருந்தும் கொட்டினார்கள். ஆற்றில் போடுவதற்கே அளவு வேண்டுமென்றால், வரலாறு கிடக்கும் கடலில் போடுவதற்கு வேண்டாமா? எதிர்ப்புக் கிளம்பிய பிறகே வேலை நின்றது. 1994இல் பிரெஞ்சுத் தொல்லியலாளர் ழான்-ஈவ் எம்பெரரின் குழுவினர் கடலில் இறங்கினார்கள். சிங்க உடல்கொண்ட ஸ்பிங்ஸ் சிலைகளும், தூண்களும், பல டன் எடையுள்ள கருங்கற்களும் கண்ணில் பட்டன. அங்கிருந்து எடுத்த தாலமி மன்னரின் மாபெரும் சிலை இன்று புதிய நூலகத்தின் முன் நிற்கிறது.

நூலகத்தை இன்னொரு நாள் பேசுவோம். பொறியாளர் பெருமக்களே, நம் பழைய துறைமுகக் கரைகளில் அலைதடுப்புக் கற்களை இறக்குமுன், முக்குளிப்போர் ஒருமுறை இறங்கிப் பார்க்க ஆணையிடுங்கள். அதைக் கோரும் மனு வாயிலில் இருக்கிறது. அனைவரும் கையொப்பமிட்டுச் செல்லுமாறு வேண்டுகிறேன்.