தீயில் வெந்து ஒட்டிய கழுத்து: எந்த ஆபரேஷன் நல்லது?

மக்களே, வணக்கம். தீயில் வெந்த என் அக்காவின் கழுத்தைப் பார்த்துவிட்டு நிறைய பேர் கேட்டது எந்த ஆபரேஷன் நல்லது என்றுதான். நான் டாக்டர் இல்லை, கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறவள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கழுத்து முன்பக்கம் ஆழமாக வெந்தால் ஆறுகிற தழும்பு சுருங்கிக்கொண்டே வரும். நாடி, அதாவது முகவாய், நெஞ்சைப் பார்த்து இறங்கும், கீழுதடு இழுபட்டு வாய் மூடாது. அண்ணாந்து குடிக்க முடியாமல் அக்கா இடுப்போடு பின்னால் சாய்ந்துதான் டம்ளரின் கடைசி மடக்கைக் குடிப்பாள்.

கயிறுபோல ஒரு பட்டை மட்டும் இழுக்கிறது, பக்கத்துத் தோல் நன்றாக இருக்கிறது என்றால் இசட்-பிளாஸ்டி போதும். தழும்பை இசட் வடிவில் வெட்டி, இரண்டு முக்கோணத்தையும் இடம் மாற்றித் தைப்பார்கள். கழுத்து முழுக்கத் தழும்பு என்றால் இது பத்தாது.

அப்போது பெரும்பாலும் கிராஃப்ட்தான். தழும்பை வெட்டி விடுவித்து, தொடையிலிருந்து மெல்லிசாகத் தோல் சீவி ஒட்டுவார்கள். எவ்வளவு பெரிய இடத்தையும் மூடலாம், ஆனால் அந்த மெல்லிய தோல் மறுபடி சுருங்கப் பார்க்கும். அதற்குத்தான் கழுத்தை நிமிர்த்திப் பிடிக்கிற காலர், மாதக்கணக்கில், ராத்திரியிலும், தலையணை இல்லாமல், தோளுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து. நம்ம ஊர்ப் புழுக்கத்தில் உள்ளே இருக்கிற பஞ்சு வேர்வையில் ஊறி அரிக்கும், கழற்றி எறியத் தோன்றும், ஆனால் அதை விட்டால் செய்த ஆபரேஷனே வீண். அடிவயிறு, தொடையிடுக்கு மாதிரி இடத்திலிருந்து முழு ஆழத்துக்கு எடுக்கும் தோல் குறைவாகத்தான் சுருங்கும், என்ன, அவ்வளவு தோல் கிடைக்காது.

ஃப்ளாப் என்றால் ரத்த ஓட்டத்தோடு தோலைக் கொண்டுவருவது. தோள்பட்டைத் தோல் வேகாமல் இருந்தால் அதைத் திருப்பிப் போடலாம், நிறமும் கழுத்தோடு ஒத்துப்போகும். தொடையிலிருந்து எடுத்தால் மைக்ராஸ்கோப் வைத்து ரத்தக்குழாயை இணைக்க வேண்டும், பல மணி நேரம் ஆகும், குழாய் அடைத்தால் ஃப்ளாப் கருகிப்போகும். பிழைத்துவிட்டால் கிராஃப்ட் அளவுக்குச் சுருங்காது. நாடிக்குக் கீழே தடிப்பாக நிற்பதை அப்புறம் இன்னொரு முறை குறைக்க வேண்டி வரலாம்.

நல்ல தோலுக்கு அடியில் பலூன் வைத்து, வாரம்தோறும் சலைன் ஏற்றி விரித்து எடுக்கிற வழியும் உண்டு, அதற்குப் பல வாரங்கள் காத்திருக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், காலரைக் கவனிக்க வீட்டில் ஆள் இருந்தால் கிராஃப்டைக் குறைவாக நினைக்காதீர்கள். காலர் போட்டுக்கொண்டு இருக்கவே மாட்டார்கள், தோள் தோல் நன்றாக இருக்கிறது என்றால் ஃப்ளாப்பைப் பற்றிக் கேளுங்கள். குழந்தை என்றால், உடம்பு வளர்கிற அளவுக்குத் தழும்பு வளராது, பின்னால் மறுபடி விடுவிக்க வேண்டி வரலாம்.

நாகர்கோவில் பக்கம் ஆசாரிபள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, திருவனந்தபுரம் போனாலும் சரி, மயக்க டாக்டரிடமும் பேசிவிடுங்கள். கழுத்து மடங்கியே இருந்தால் மூச்சுக்குழாயில் டியூப் இறக்குவது கஷ்டம். முழிப்பாக இருக்கும்போதே கேமரா வைத்த மெல்லிய குழாய் வழியாக இறக்குவார்களா, இல்லை மரத்துப்போக ஊசி போட்டு முதலில் தழும்பை விடுவிப்பார்களா என்று முன்னாடியே கேளுங்கள்.