தாரி செய்த வெள்ளிக் காப்பு

அவையோருக்கு வணக்கம்.

1971 ஜூலை மாதம். தென்கொரியாவில் கொங்ஜு என்கிற ஊர். அங்கே ஒரு குன்றில் பழைய கல்லறைகள் இருக்கின்றன. மழைத்தண்ணீர் உள்ளே கசிகிறது என்று வடிகால் வெட்டினார்கள். மண்வெட்டி செங்கல்லில் இடித்தது. அதுவரை யாருக்கும் தெரியாத, திருடர் கை படாத இன்னொரு கல்லறை அது.

அது பெக்ஜே நாட்டு மன்னருடையது. கோகுர்யோ, சில்லா, பெக்ஜே என்று மூன்று அரசுகள் கொரியாவில் மோதிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. மரபுக் கணக்கில் கி.மு. 18இல் தொடங்கிய பெக்ஜே, கி.பி. 660இல் சில்லாவும் சீனத்துத் தாங் அரசும் சேர்ந்து தாக்கியதில் விழுந்தது. அந்த நாட்டார் எழுதிய வரலாற்று நூல் ஒன்றுகூட முழுதாக நமக்குக் கிடைக்கவில்லை. கொரியாவில் இன்று மிஞ்சியிருப்பவற்றில் மிகப் பழைய வரலாற்று நூல் சம்குக் சாகி. அது 1145இல்தான் முடிந்தது. தொகுத்த கிம் பு-சிக், சில்லா அரச வழியில் வந்தவர்.

புயோ நகரில் பெக்ஜே சிற்பிகள் எழுப்பிய ஐந்தடுக்குக் கற்கோபுரம் இன்றும் நிற்கிறது. அதன் முதல் அடுக்கில் தாங் படையின் வெற்றிப் புகழைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். இவர்கள் கட்டிய கல்லில் எதிரியின் பேச்சு. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். அதனால்தான் கொங்ஜு கல்லறையை இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன். அங்கே பெக்ஜே தானே பேசுகிறது.

உள்ளே காவலுக்கு நின்றது கொம்பு வைத்த ஒரு கல் விலங்கு. அதற்கு முன்னால் இரண்டு கற்பலகைகள், மேலே இரும்புக் காசுகள். பெக்ஜே மன்னர் சாமா 62 வயதில் இறந்தார் என்று பலகை சொல்கிறது. நாம் முர்யோங் என்று அறியும் மன்னர்தான் சாமா. இறந்தது 523இல்.

இன்னொரு பலகையின் பின்பக்கம் இருப்பது ஒரு கிரயப் பத்திரம்! நிலத்துத் தெய்வங்களிடம் பத்தாயிரம் காசு கொடுத்து இந்த இடத்தை வாங்கினோம் என்கிறது. நாட்டையே ஆண்ட மனிதர், மண்ணுக்குள் போகும்போது மண்ணுக்கு விலை கொடுத்துவிட்டுப் படுத்திருக்கிறார்.

இவர் சாதாரண மன்னர் இல்லை. 475இல் கோகுர்யோ படை பெக்ஜேயின் தலைநகரைப் பிடித்து மன்னரைக் கொன்றது. மிஞ்சியவர்கள் தெற்கே கொங்ஜுவுக்கு ஓடிவந்தார்கள். அந்த நாட்டை நிமிர்த்தி, 521இல் சீனத்து லியாங் அரசுக்குத் தூதனுப்பி, மறுபடி வலுவான நாடானோம் என்று சொல்ல வைத்தவர் முர்யோங். கல்லறையைப் பார்த்தால் அது வெறும் பேச்சில்லை என்று தெரியும். செங்கல் அறை லியாங் பாணி. சவப்பெட்டி மரம் ஜப்பானில் வளர்வது. கடல் தாண்டிய உறவு அப்படி இருந்திருக்கிறது.

ஆனால் அகழாய்வு நடந்த விதம் வேதனையானது. சேதி பரவிக் கூட்டம் நெருக்கியது, நிருபர்கள் நெருக்கினார்கள். மாதக்கணக்கில் செய்ய வேண்டிய வேலையை ஒரே இரவில் அள்ளி முடித்தார்கள். எது எதன் மேல் கிடந்தது என்கிற குறிப்பு நிறைய போய்விட்டது. தலைமை தாங்கிய அறிஞர் கிம் வொன்-யோங் அதற்காகப் பின்னாளில் வெளிப்படையாக வருந்தினார்.

சரி, இவ்வளவுக்குப் பிறகும் கிடைத்தவை ஆயிரக்கணக்கில். அவற்றில் தீ நாக்குப்போல் எழும் தங்கக் கிரீட அணிகளைப் பார்க்கத்தான் எல்லாரும் கொங்ஜு அருங்காட்சியகத்துக்குப் போகிறார்கள். நீங்கள் போனால், அரசியின் கையில் கிடந்த வெள்ளிக் காப்பையும் கேட்டுப் பாருங்கள். வெளியே டிராகன் புரள்கிறது. உள்பக்கம் சின்ன எழுத்துகள்: இரண்டாம் மாதம், அரசிக்காகத் தாரி செய்தது, எடை இவ்வளவு. ஆண்டு 520. அரசி இறந்தது 526இல். அவர் உயிரோடு இருந்தபோதே செய்த காப்பு. அரசர் பெயர் இருந்த அதே அறையில், ஆயிரத்து நானூறு வருடத்துக்கு மேல் ஒரு தட்டாரின் பெயரும் இருந்திருக்கிறது.