அதிசயத்தைக் கண்டுகொடுப்பது புத்தகமே

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். ‘உலகின் அதிசயங்களை நமக்கு அதிகம் கண்டுகொடுத்தது பயணமா, புத்தகமா?’ என்பது தலைப்பு. புத்தகமே என்று வாதிட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அஜந்தாவைச் சொன்னார். 1819இல் புலி வேட்டைக்குப் போன ஜான் ஸ்மித் என்ற ஆங்கிலேய அதிகாரி அல்லவா குகைகளைக் கண்டார் என்று கேட்டார். கண்டார், மறுக்கவில்லை. கண்டவர் என்ன செய்தார்? பத்தாம் குகைத் தூணில், ஓவியத்தின் மேலேயே தம் பெயரையும் தேதியையும் கீறினார்! எதன் மேல் கீறுகிறோம் என்பது அவருக்குத் தெரியாது. பதினேழாம் குகை ஓவியத்தில், தான் பெற்ற பிள்ளைகளையே தானம் கொடுப்பவன் இளவரசன் விசுவந்தரன் என்று அடையாளம் சொன்னவர்கள், புத்தரின் முற்பிறப்புகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளைப் படித்தவர்கள்.

நாளந்தாவுக்கு வாருங்கள். 1811–12இல் பிரான்சிஸ் புக்கானன் பீகாரை அளந்து திரிந்தார். கூர்மையான பார்வை உள்ளவர். பர்கான் கிராமத்து மேடுகளைப் பார்த்தார், குறிப்பும் எழுதினார். ஆனால், பல நாட்டு மாணவர்கள் கூடிப் பயின்ற பெருங்கல்விச்சாலை தம் காலடியில் புதைந்து கிடக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. 1861–62இல் அதே இடத்துக்கு வந்த தொல்லியலாளர் அலெக்சாண்டர் கன்னிங்காமுக்குத் தெரிந்தது. ஏழாம் நூற்றாண்டுச் சீனத் துறவி சுவான்சாங்கின் நூல் அவருக்குத் துணையாக இருந்தது. எந்த ஊரிலிருந்து எந்தத் திசையில், எவ்வளவு தொலைவு என்று துறவி எழுதியதை ஒப்பிட்டு, இதுதான் நாளந்தா என்றார். மேடும் அதுவே, கண்ணும் கண்ணே. நடுவில் ஒரு புத்தகம் வந்தது.

“சுவான்சாங்கும் பயணிதானே?” என்று எதிரணியிலிருந்து குரல் வருகிறது. நல்ல கேள்வி. அவர் உயிரைப் பணயம் வைத்துப் பாலையையும் பனிமலையையும் கடந்து இங்கே வந்தது எதற்காக? நூல்களுக்காக! திரும்பும்போது கொண்டுபோனவை 657 நூல்கள். உங்கள் தரப்பின் மாபெரும் பயணியே எங்கள் தரப்புக்காக நடந்தவர், ஐயா.

இயற்கை அதிசயத்துக்குப் புத்தகம் எதற்கு என்றும் கேட்டார்கள். 1938 டிசம்பர் 22 அன்று, தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்தில், மீன் குவியலுக்குள் ஒரு நீலத் துடுப்பைப் பார்த்தார் அருங்காட்சியகப் பொறுப்பாளர் மார்ஜோரி கோர்ட்னி-லாட்டிமர். ஏறத்தாழ ஐந்தடி நீள மீன். அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்ப் புத்தகங்களைப் புரட்டினார். பிறகு அதன் படத்தை வரைந்து, மீனியல் அறிஞர் ஜே.எல்.பி. ஸ்மித்துக்கு அஞ்சலில் அனுப்பினார். மீனைத் தொடாமலே, படத்தைப் பார்த்த கணத்திலேயே ஸ்மித் திகைத்துப்போனார். புதைபடிவ நூல்களில் அவர் படித்திருந்த சீலகாந்த்! டைனோசர்களோடு மறைந்தது என்று உலகம் நம்பியிருந்த மீன். இரண்டாவது மீன் கிடைக்கப் பதினான்கு ஆண்டுகள் ஆயின. ஸ்மித் படத்தோடும் பரிசு அறிவிப்போடும் அச்சடித்துப் பரப்பிய துண்டுத்தாளால்தான் இந்தியப் பெருங்கடலின் கொமோரோ தீவுகளில் ஒன்றிலிருந்து செய்தி வந்தது. அத்தீவின் மீனவர்கள் அம்மீனைக் காலங்காலமாக அறிவார்கள். அவர்களுடைய அறிவை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த அறிவையும் உலகத்தின் கேள்வியையும் சேர்த்துவைத்தது அச்சிட்ட ஒரு தாள் என்பதே என் வாதம்.

அடுத்துப் பேசவிருப்பவர், பழந்தமிழ் ஏடுகளைத் தேடி உ.வே.சாமிநாதையர் அலைந்த அலைச்சலைச் சொல்வார். ஊர் ஊராக அலைந்தார், மெய்தான். அந்த அலைச்சல் எங்கே தொடங்கியது? 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று ஐயரிடம் கேட்டதில் தொடங்கியது. சிந்தாமணிக்குப் பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியர் எழுதிய உரையில், எந்த நூல் என்று பெயர் சொல்லாத மேற்கோள்கள் ஏராளம். அவற்றின் மூல நூல்கள் எங்கே என்ற தவிப்பு ஐயரை விடவில்லை. 1889இல் பத்துப்பாட்டும் 1894இல் புறநானூறும் அச்சேறின. ஐயர் நடந்தார், நடக்கவைத்தது உரையில் கிடந்த மேற்கோள்.

தீர்ப்பை எங்கள் அணிக்கு வழங்குமாறு நடுவர் அவர்களை வேண்டுகிறேன். நன்றி, வணக்கம்.