வெளிச்சம் இல்லாத சில விநாடிகள்

(வேலூரில் நடந்த ஒரு நூலகக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். ஃபேன் சத்தத்தில் என் குரல் கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை என்றால் கையைத் தூக்குங்கள், சத்தமாகப் பேசுகிறேன். ஃபேனை மட்டும் நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். இது வேலூர், இது மே மாதம்.

நம்ம ஊரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். பட்டியல் இன்னும் நீளும். மீதியை மேடையில் சொல்ல மாட்டேன், நான் இன்று ராத்திரி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட வேண்டும். இதில் சாமி இல்லாத கோயில் என்பது 1981-லேயே காலாவதி ஆகிவிட்டது, ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார். ஆனாலும் வெளியூர்க்காரர்கள் விடுவதில்லை.

முப்பத்திரண்டு வருஷம் ஆம்பூர்ப் பக்கம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவன் நான். இன்று அந்த 'இல்லாத' என்ற சொல்லை வைத்தே பேசலாம் என்று வந்திருக்கிறேன். அறிவியலில் நம்ம பக்கம் நடந்த சில பெரிய காரியங்கள், ஏதோ ஒன்று இல்லாததால்தான் நடந்தன.

எல்லாம் அப்படி என்று சொல்ல முடியாது. தென்னிந்தியாவின் முதல் ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்தில் இருந்து புறப்பட்ட பாதை எங்கே வந்து முடிந்தது? நம்ம வாலாஜா ரோட்டில். நூறு கிலோமீட்டர் சொச்சம். இன்று வாலாஜா ரோடு ஸ்டேஷனில் நிற்கிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்று கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். அதனால் மேலே போகிறேன்.

நான் சொல்ல வந்தது காவலூர். வாணியம்பாடியில் இருந்து ஆலங்காயம், அங்கிருந்து ஜவ்வாது மலை மேலே. 2019-க்குப் பிறகு அது திருப்பத்தூர் மாவட்டம், வாலாஜா ராணிப்பேட்டை மாவட்டம். மாவட்டத்தை எத்தனை துண்டாக வேண்டுமானாலும் போடுங்கள். எனக்கு இவை எல்லாம் வட ஆற்காடு.

அறுபதுகளில் வேணு பாப்பு என்ற வானியலாளர் தொலைநோக்கி வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தார். கொடைக்கானலில் வானாய்வு நிலையம் ஏற்கெனவே இருந்தது, அவர்தான் அதன் இயக்குநர். ஆனால் அங்கே இரவில் மேகம் தொல்லை. அவர் கேட்ட இடத்தில் நகரத்து வெளிச்சம் இருக்கக் கூடாது, வானம் தெளிவாக இருக்க வேண்டும், தெற்கு வானமும் நன்றாகத் தெரிய வேண்டும். பூமத்திய ரேகையில் இருந்து பன்னிரண்டரை டிகிரி வடக்கே, கடல் மட்டத்துக்கு 725 மீட்டர் மேலே, சந்தனக் காட்டுக்கு நடுவே காவலூர் கிடைத்தது. ஊருக்கு லைட் இல்லை என்று யாராவது மனு போட்டிருப்பார்கள். லைட் இல்லை என்பதற்காகவே ஒருவர் அந்த ஊரைத் தேடி வந்தார்.

1972-ல் அங்கே 102 சென்டிமீட்டர் கண்ணாடி கொண்ட தொலைநோக்கி வந்து உட்கார்ந்தது. கார்ல் சைஸ் கம்பெனியின் தயாரிப்பு, கிழக்கு ஜெர்மனியில் இருந்து வந்தது. ஐந்து வருஷம் கழித்து அதற்கு ஒரு ராத்திரி வாய்த்தது.

1977 மார்ச் 10. யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே போகப்போகிறது என்று முன்கூட்டியே கணக்குப் போட்டிருந்தார்கள். துலாம் ராசிப் பக்கம், வெறும் கண்ணுக்குத் தெரியாத மங்கல் நட்சத்திரம். கோள் அதை மறைக்கும்போது வெளிச்சம் எப்படிக் குறைகிறது என்று அளந்தால் கோளின் விட்டம் தெரியும், காற்று மண்டலம் பற்றித் தெரியும். அவ்வளவுதான் எதிர்பார்ப்பு. யுரேனஸ் அப்போது கண்டுபிடிக்கப்பட்டு 196 வருஷம் ஆகப்போகிறது, ஹெர்ஷல் பார்த்தது 1781-ல். அதைச் சுற்றி வளையம் உண்டு என்று ஒருவருக்கும் தெரியாது.

அமெரிக்காவில் இருந்து ஜேம்ஸ் எலியட் குழு ஒரு விமானத்தில் தொலைநோக்கியைப் பொருத்திக்கொண்டு இந்தியப் பெருங்கடலின் தென்பகுதி மேலே பறந்தது. ஆஸ்திரேலியாவில் பெர்த்தில் ஒரு குழு. இங்கே மலை மேலே ஜெ. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும்.

இந்த இடத்தை மாணவர்களுக்கு நான் இப்படித்தான் சொல்வேன். ராத்திரி ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வருகிறீர்கள். வெகு தூரத்தில் ஒரு வீட்டில் பல்பு எரிகிறது. நடுவில் பனைமரங்கள் இருக்கின்றன, ஆனால் இருட்டில் தெரியவில்லை. திடீரென்று பல்பு அணைந்து எரிகிறது. மறுபடியும் அணைந்து எரிகிறது. வீட்டுக்காரர் சுவிட்சோடு விளையாடவில்லை. பனைமரத்தை நீங்கள் பார்க்கவில்லை, பல்பு இல்லாமல் போன அந்தக் கணத்தைப் பார்த்தீர்கள். ஒவ்வொரு தரமும் எத்தனை நேரம் அணைந்தது என்று குறித்துக்கொண்டால், ரயிலின் வேகம் தெரிந்தால், மரத்தின் பருமனைக்கூடச் சொல்லிவிடலாம்.

அதுதான் நடந்தது. கணக்கு முன்னே பின்னே இருக்கலாம் என்று எலியட் குழுவினர் கருவியைச் சீக்கிரமாகவே ஓடவிட்டிருந்தார்கள். கோள் நட்சத்திரத்தைத் தொட இன்னும் அரை மணிக்கும் மேல் இருக்கும்போதே வெளிச்சம் சட்டென்று இறங்கி ஏறியது. கருவிக் கோளாறோ என்று முதலில் சந்தேகம். அப்புறம் மறுபடியும், மறுபடியும். காவலூரிலும் வெளிச்சம் சில விநாடிகள் இறங்கியது பதிவானது.

இங்கே ஒரு விஷயத்தை நான் மறைக்க மாட்டேன், ஊர்ப் பெருமை பேசுகிறவர்கள் வழக்கமாக விட்டுவிடுகிற விஷயம். காவலூர்க்காரர்கள் முதலில் அதை வளையம் என்று எழுதவில்லை, யுரேனஸுக்குப் புதிதாக ஒரு துணைக்கோள் என்றுதான் எழுதினார்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பல்பு ஒரு தரம் அணைந்தால் ஒரு மரம் என்றுதானே நினைப்போம்? எலியட் குழுவும் முதலில் சின்னத் துணைக்கோள்கள் என்றுதான் நினைத்தது. கோளுக்கு இந்தப் பக்கம் எத்தனை தூரத்தில் வெளிச்சம் இறங்கியதோ, அந்தப் பக்கமும் அதே தூரத்தில் இறங்கியிருக்கிறது என்பதை வைத்துப் பார்த்த பிறகுதான், இது கோளைச் சுற்றி ஓடுகிற வளையம் என்று புரிந்தது. பல இடத்துப் பதிவுகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தபோது விஷயம் உறுதியானது, காவலூர்ப் பதிவும் அதில் ஒன்று.

எவ்வளவு மெல்லிய வளையம் தெரியுமா? சூரியனில் இருந்து சுமார் 287 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது அந்தக் கோள். அதன் வளையங்களில் மிக அகலமானதே எந்த இடத்திலும் நூறு கிலோமீட்டரைத் தொடவில்லை. மற்றவற்றில் சில, காட்பாடியில் பஸ் ஏறி பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்குகிற தூரம்கூட இல்லை. போதாக்குறைக்குக் கரி மாதிரி கறுப்பு. நேரே பார்த்திருந்தால் அந்தக் காலத்துத் தொலைநோக்கியில் தெரிந்திருக்கவே தெரியாது.

பாப்பு அதோடு நிற்கவில்லை. 234 சென்டிமீட்டர் கண்ணாடி கொண்ட தொலைநோக்கியை இந்தியாவிலேயே செய்ய வேண்டும் என்று ஆரம்பித்தார். 1982 ஆகஸ்டில் மியூனிக்கில் இறந்துபோனார், வயது 55. உலக வானியலாளர் சங்கத்துக்கு அப்போது அவர்தான் தலைவர். தொலைநோக்கி 1986 ஜனவரி 6 அன்று திறக்கப்பட்டது. பிரதமர் ராஜீவ் காந்தி வந்து பாப்புவின் பெயரையே அதற்கு வைத்தார். அதே மாதம் 24-ஆம் தேதி வாயேஜர் 2 விண்கலம் யுரேனஸைக் கடந்தது, வளையங்களை அருகில் இருந்து படம் எடுத்து அனுப்பியது.

அடுத்த மாதம் பிப்ரவரி. இப்போது மலையை விட்டுக் கீழே இறங்குங்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த நிர்மலா என்ற மாணவி, பேராசிரியை சுனிதி சாலமன் சொன்னபடி, இந்தியாவில் எய்ட்ஸ் கிருமி இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தார். இங்கே அதெல்லாம் வராது என்று படித்தவர்களே பேசிய காலம். இரத்த மாதிரிகளைச் சேகரித்து வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்தார். ஆமாம், தயிருக்கும் மாவுக்கும் பக்கத்தில்தான் இருந்திருக்கும், வேறு எங்கே இடம்? சோதித்துப் பார்க்கச் சென்னையில் வசதி இல்லை. பாருங்கள், இல்லாதது இந்தத் தடவை அவர்கள் ஊரில். இரத்தத்தில் கிருமியின் அடையாளத்தைத் தேடுகிற எலைசா சோதனை வசதி வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் இருந்தது. இரவு ரயிலில் காட்பாடி, அங்கிருந்து ஆட்டோ. சோதித்ததில் ஆறு மாதிரிகளில் கிருமி இருப்பது தெரிந்தது. பிறகு அமெரிக்காவில் சோதித்தும் உறுதி செய்தார்கள். நாட்டில் அந்தக் கிருமி இருக்கிறது என்பது முதலில் தெரிந்தது நம்ம ஆற்காடு ரோட்டில்.

இன்னும் ஒன்று மட்டும். 1988 பிப்ரவரி 17 அன்று ராஜமோகன் குழு காவலூரில் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தது. 4130 என்பது அதன் எண், ராமானுஜன் என்று பெயர். நம்ம மலை மேலிருந்து பார்த்த கல்லுக்கு நம்ம ஆள் பெயர், சரிதானே?

பணி ஓய்வுக்கு முந்தின வருஷம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு வேனில் காவலூருக்குக் கூட்டிப் போனேன். போய்ச் சேரும்போது வானம் முழுக்க மேகம். சின்னத் தொலைநோக்கியில் காட்டுவதாகச் சொன்னவர் கையை விரித்துவிட்டார். ஒன்பது மணி வரை புளிச்சோறு சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். டிரைவர் மணி பார்க்க ஆரம்பித்தார், மலைப்பாதை, யானை என்றெல்லாம் பயம் காட்டினார். அப்புறம் ஒரு மூலையில் மட்டும் மேகம் விலகியது. ஏழெட்டு நட்சத்திரம் இருக்கும்.

எல்லோரையும் எண்ணி ஏற்றினால் ஒரு பையன் குறைகிறான். தேடிப்போனால் வேலி ஓரமாக நிற்கிறான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கையை நீட்டி, கட்டைவிரலை ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே மெதுவாக நகர்த்திக்கொண்டிருந்தான். "டேய், வண்டி கிளம்புது" என்றேன். "இருங்க சார், இன்னும் வெளிய வரல" என்று சொல்லிவிட்டு, வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டிருந்தான். மூணு, நாலு, அஞ்சு.