ஃபஸ் பெடல் கட்டலாம் வாங்க: டப்பாவுல போடுறதுக்கு முன்னாடி மூணு வோல்டேஜ்

வணக்கம் மக்களே. இன்னைக்கு மேசை மேல இருக்கிறது ஃபஸ் ஃபேஸ் சர்க்யூட், கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்குற பெடல். லண்டன்ல ஆர்பிட்டர் கம்பெனி 1966-ல இறக்கின அந்த வட்டப் பெடல்தான். மொத்தமே ரெண்டு ட்ரான்சிஸ்டர், நாலு ரெசிஸ்டர், மூணு கெப்பாசிட்டர், ரெண்டு பாட் (குமிழ் வச்சுத் திருப்புற ரெசிஸ்டர்). இவ்வளவு சின்ன சர்க்யூட்தானேன்னு அலட்சியமா கட்டுறதாலதான் பாதி பேருக்கு சத்தம் வர்றதில்ல.

பழசுல ஜெர்மேனியம் ட்ரான்சிஸ்டர் இருந்துச்சு. நாம அதைத் தொடப்போறதில்ல. அது பிஎன்பி, பாசிட்டிவ்தான் கிரவுண்ட். மத்த பெடல்களோட ஒரே அடாப்டர்ல கோத்தா ஷார்ட் ஆகும். சூடு ஏறினா பயாஸும் (ட்ரான்சிஸ்டர் நிக்கிற வோல்டேஜ்) நகரும், நம்ம ஊர் வெயிலுக்கு அது தலைவலி. அதனால சிலிக்கான் என்பிஎன், பிசி 547. சென்னைன்னா ரிச்சி தெருவுல எந்தக் கடையிலயும் கிடைக்கும். வாங்கும்போது கடைசி எழுத்தைப் பாருங்க. ஏ-ன்னா கெயின் (எத்தனை மடங்கு பெருக்கும்ங்கிறது) 110-ல இருந்து 220, பி-ன்னா 200-ல இருந்து 450, சி-ன்னா 420-க்கு மேல. சி வேண்டாம், இரைச்சல்தான் மிஞ்சும். மல்டிமீட்டர்ல கெயின் அளக்குற ஹெச்எஃப்ஈ சாக்கெட் இருந்தா அளந்து, கம்மியா இருக்கிறதை முதல் இடத்துல போடுங்க.

இப்போ வயரிங். ட்ரான்சிஸ்டருக்கு மூணு கால்: பேஸ், எமிட்டர், கலெக்டர். இன்புட்ல 2.2 மைக்ரோஃபாரட், பாசிட்டிவ் கால் ட்ரான்சிஸ்டர் பேஸ் பக்கம். முதல் ட்ரான்சிஸ்டர் எமிட்டர் நேரா கிரவுண்டுக்கு, கலெக்டர்ல இருந்து 33 கே (கிலோஓம்) ரெசிஸ்டர் 9 வோல்ட் சப்ளைக்கு. அதே கலெக்டர் ரெண்டாவதோட பேஸுக்கும் போகுது. ரெண்டாவதோட எமிட்டர்ல 1 கே ஃபஸ் பாட். பாட்டோட ஒரு ஓரம் எமிட்டர், இன்னொரு ஓரம் கிரவுண்ட், நடுக்கால்ல இருந்து 22 மைக்ரோஃபாரட் கிரவுண்டுக்கு. அந்த எமிட்டர்ல இருந்து முதல் பேஸுக்கு 100 கே திரும்பி வருது. இந்த 100 கே-தான் சர்க்யூட்டோட உயிர், ரெண்டு ட்ரான்சிஸ்டரும் ஒண்ணை ஒண்ணு பிடிச்சு நிக்கிறது இதாலதான். சப்ளையில இருந்து 470 ஓம், அதுக்கு அடுத்து 8.2 கே, அப்புறம் ரெண்டாவதோட கலெக்டர். 470-உம் 8.2-உம் சேர்ற முனையில இருந்து 0.01 மைக்ரோஃபாரட், அதாவது 103-ன்னு எழுதியிருக்கிற கெப்பாசிட்டர் வழியா 500 கே வால்யூம் பாட்டுக்கு.

ஆனா அந்த 8.2 கே-யை அப்படியே போடாதீங்க. சிலிக்கான்ல பேஸ்-எமிட்டர் வோல்டேஜ் ஜெர்மேனியத்தை விட அதிகம், கலெக்டர் 3 வோல்ட் பக்கம் இறங்கிடும். அங்க 10 கே ட்ரிம்பாட் (ஸ்க்ரூடிரைவர்ல திருப்புற குட்டிப் பாட்) போட்டு, மீட்டரோட கறுப்பு வயரை கிரவுண்ட்ல வச்சுட்டு, ரெண்டாவது கலெக்டர் 4.5 வோல்ட் வர்ற வரைக்கும் திருப்புங்க. ட்ரிம்பாட் பெரும்பாலும் 5 கே, 6 கே பக்கத்துல நிக்கும். அப்புறம் காதை நம்புங்க. கொஞ்சம் ஏத்தி இறக்கினா நோட்டு அடங்குற விதம் மாறும். சிலருக்கு அந்த அறுந்து விழுற சத்தமே பிடிக்கும்.

சத்தம் வரலைன்னா உடனே எல்லா சால்டரையும் மறுபடி உருக்காதீங்க. மூணு இடம் பாருங்க. முதல் பேஸ் 0.6 வோல்ட், முதல் கலெக்டர் 1.3 பக்கம், ரெண்டாவது கலெக்டர் 4.5. முதல் பேஸ் பூஜ்யம், ரெண்டாவது கலெக்டரும் ஒன்றரைக்குக் கீழேன்னா, 100 கே இணைப்பு விட்டுப்போச்சு. ரெண்டாவது கலெக்டர்ல 9 வோல்ட் அப்படியே நின்னா, அது கடத்தவே இல்ல. பாட்டோட கிரவுண்ட் வயரைப் பாருங்க. வோல்டேஜ் ஓரளவு சரி, சத்தம் மட்டும் ஒல்லியா, விக்கி விக்கி வருதுன்னா ட்ரான்சிஸ்டர் கால் மாறியிருக்கும். பிசி 547-ஐ தட்டைப் பக்கம் நம்மைப் பார்த்து, கால் கீழ இருக்கிற மாதிரி பிடிச்சா இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என் 3904 வாங்கினா அப்படியே தலைகீழ்: எமிட்டர், பேஸ், கலெக்டர். பேஸ் நடுவுலயே இருக்கிறதால தப்பு வெளிய தெரியாது.

இன்னொண்ணு. ஃபஸ் பாட்டைத் திருப்பும்போது இந்த வோல்டேஜ் எதுவும் அசையக்கூடாது. அசைஞ்சா அந்த 22 மைக்ரோஃபாரட் கசியுது, இல்ல தலைகீழா மாட்டியிருக்கு. பாசிட்டிவ்தான் நடுக்காலுக்கு.

வோல்டேஜ் எல்லாம் சரி, சத்தம்தான் இல்லைன்னா ஆடியோ ப்ரோப். பழைய கிட்டார் கேபிள் ஒண்ணை வெட்டி, நடு வயர் முனையில 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒண்ணு சால்டர் பண்ணுங்க. ஷீல்டு சர்க்யூட் கிரவுண்டுக்கு, மறுமுனை ஆம்ப்ளிஃபையருக்கு, வால்யூம் கம்மியா. யாரையாவது ஒரு கம்பியை மீட்டச் சொல்லிட்டு இன்புட் ஜாக்ல இருந்து ஒவ்வொரு இடமா தொட்டுக்கிட்டே போங்க. எந்த இடத்துல சத்தம் நிக்குதோ அதுக்கும் அதுக்கு முந்தின இடத்துக்கும் நடுவுலதான் கோளாறு.

ரேடியோ ஸ்டேஷன் கேட்குதா? சிலிக்கான் ஃபஸ்ல அது சகஜம். முதல் ட்ரான்சிஸ்டரோட கலெக்டருக்கும் பேஸுக்கும் நடுவுல 100 பிக்கோஃபாரட், 101-ன்னு போட்ட செராமிக். அடங்கிடும். சுவிட்சை மிதிக்கும்போது டப்புன்னு அடிச்சா இன்புட்ல இருந்து கிரவுண்டுக்கு 1 மெகா ரெசிஸ்டர்.

சுவிட்ச் சால்டர் பண்ணும்போது மட்டும் அவசரப்படாதீங்க. 3பிடிடி-யில, அதாவது காலால மிதிக்கிற அந்த சுவிட்சுல, ஒன்பது கால். ஒரு கால்ல மூணு வினாடிக்கு மேல அயர்ன் வைக்காதீங்க, உள்ள பிளாஸ்டிக் இளகி தகடு சாஞ்சிடும். ஒரு கால் முடிச்சா அடுத்து தூரத்துல இருக்கிற கால்.

டப்பா 1590பி சைஸ் போதும். பாட்டுக்கு 7 மில்லிமீட்டர், சுவிட்சுக்கு 12 மில்லிமீட்டர் ஓட்டை. பெடல்போர்டுல கிட்டாருக்கு அடுத்து முதல் ஆளா இதைத்தான் வைக்கணும். முன்னாடி பஃபர் (கிட்டார் சிக்னலை வாங்கி பலமா அனுப்புற சர்க்யூட்) உள்ள பெடல் வந்தா, கிட்டார் வால்யூமைக் குறைச்சா சத்தம் தெளியுற அந்த குணம் போயிடும்.