இருமல் இல்லாத காசநோய்

நேயர்களுக்கு வணக்கம்.

காசநோய் என்றதும் நம் மனத்தில் வரும் அடையாளங்கள் சில உண்டு. வாரக்கணக்கில் நிற்காத இருமல், சளியில் ரத்தம், எக்ஸ்-ரேயில் நுரையீரலின் மேற்பகுதியில் ஓர் ஓட்டை. எச்.ஐ.வி. தொற்று முற்றிய ஒருவருக்குக் காசநோய் வரும்போது இவற்றில் ஒன்றுகூட இல்லாமல் போகலாம். மாலையானால் லேசான காய்ச்சல், இரவில் வியர்வை, இடுப்பில் நிற்காமல் நழுவும் உடை, அவ்வளவுதான். சளியில் கிருமி இல்லை என்று அறிக்கை வரும். எக்ஸ்-ரேயும் சுத்தமாக இருக்கும். ஆனால் உடல் முழுக்கக் கிருமி பரவியிருக்கும். இந்த முரண் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொள்ள, நம் நோய் எதிர்ப்பில் இரண்டு வகை செல்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது, மேக்ரோபேஜ் எனப்படும் விழுங்கு செல். காசநோயாளி இருமும்போது காற்றில் கலக்கும் துளிகளில் பெரியவை மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிக்கொள்ளும். 1 முதல் 5 மைக்ரான் அளவுள்ள மிக நுண்ணிய துளிகள்தாம் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்ச் சேர்கின்றன. அங்கே எந்நேரமும் இருப்பது இந்த விழுங்கு செல். தூசியோ, புகைக்கரியோ, கிருமியோ, வந்ததைச் சுற்றி வளைத்து உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே போனது ஒரு சிறு பைக்குள் அடைபடும். அமிலமும் செரிக்கும் நொதிகளும் நிறைந்த வேறொரு பை வந்து அதோடு இணையும். அமிலத்தன்மை கூடி, பி.எச். அளவு 5 வரை இறங்கும். பெரும்பாலான கிருமிகளின் கதை அங்கேயே முடிந்துவிடும்.

காசநோய்க் கிருமி அந்த இணைப்பைத்தான் தடுக்கிறது. அதன் மேலுறையில் லிப்போஅராபினோமன்னான் என்றொரு பொருள் இருக்கிறது. சுருக்கமாக லாம் என்பார்கள். பெயரை நினைவில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும். இந்த லாமும், கிருமி சுரக்கும் சில புரதங்களும் சேர்ந்து அமிலப் பையை அண்டவிடாமல் செய்கின்றன. கிருமி இருக்கும் பையில் பி.எச். 6-க்கு மேலேயே நின்றுவிடுகிறது. கொல்வதற்காக விழுங்கிய செல்லே அதற்குக் குடியிருப்பாகிவிடுகிறது. அங்கே அது அவசரமில்லாமல், ஏறக்குறைய 20 மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிகிறது. குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா நல்ல சூழலில் 20 நிமிடத்தில் செய்வதை இது ஒரு நாள் எடுத்துச் செய்கிறது. காசநோய் மருந்தை மாதக்கணக்கில் சாப்பிட வேண்டியிருப்பதற்கு இந்த மந்தமும் ஒரு காரணம். கடைசியில் அந்த விழுங்கு செல் செத்து உடையும். வெளியே வரும் கிருமிகளை விழுங்கப் புதிய விழுங்கு செல்கள் ஓடிவரும். அவையும் அதே நிலைக்கு ஆளாகும்.

இங்கேதான் இரண்டாவது செல் வருகிறது: சிடி4 உதவி செல். டென்ட்ரிடிக் செல் என்ற இன்னொரு வகை, கிருமியின் துணுக்குகளை நிணநீர்க் கணுவுக்கு எடுத்துப்போய்க் காட்டுகிறது. அந்தத் துணுக்கை அடையாளம் காணக்கூடிய சிடி4 செல்கள் அங்கே பெருகி, நுரையீரலுக்கு வந்து சேர வாரங்கள் ஆகும். தொற்று ஏற்பட்டு 2 முதல் 8 வாரம் கழித்தே மாண்டூ தோல் பரிசோதனை பாசிட்டிவ் ஆவது இதனால்தான். வந்து சேர்ந்த சிடி4 செல், இன்டர்ஃபெரான் காமா என்ற வேதிச் செய்தியை விழுங்கு செல்லுக்குக் கொடுக்கிறது. அந்தச் செய்தி கிடைத்த பிறகு விழுங்கு செல்லின் போக்கே மாறுகிறது. தடைபட்டிருந்த அமிலப் பை இணைகிறது, கிருமியைக் கொல்லும் பொருள்கள் உற்பத்தியாகின்றன. மேஸ்திரி வராத நாளில் கட்டட வேலைக்கு எத்தனை ஆள் வந்து நின்றாலும் சுவர் எழும்பாதல்லவா? சிடி4 இல்லாத இடத்தில் விழுங்கு செல்களின் நிலை அதுதான்.

எல்லாம் ஒழுங்காக நடந்தால், விழுங்கு செல்கள் நெருக்கமாகக் கூடி, சிடி4 முதலான நிணநீர்ச் செல்கள் அவற்றைச் சுற்றி நின்று, ஒரு சிறு முடிச்சு உருவாகிறது. கிரானுலோமா என்பது இதைத்தான். கிருமி அதற்குள் அடங்கிக் கிடக்கும், பெரும்பாலும் ஆயுள் முழுக்க. எச்.ஐ.வி. இல்லாத ஒருவருக்கு இந்த உறங்கும் தொற்று நோயாக மாறும் வாய்ப்பு வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்தே 5 முதல் 10 சதவீதம்தான். முடிச்சு கலையாமல் இருக்க டி.என்.எஃப். என்ற வேதிப்பொருள் தேவை. முடக்குவாதத்துக்கு டி.என்.எஃப்.-ஐ முடக்கும் ஊசி போடுவதற்கு முன்னால், காசநோய்த் தொற்று இருக்கிறதா என்று மருத்துவர்கள் தேடிப் பார்ப்பதும் இதனால்தான்.

இனி எச்.ஐ.வி. அது குறிவைப்பது அந்த சிடி4 செல்லையேதான். வைரசின் மேலுள்ள ஜிபி120 புரதம் சிடி4 மூலக்கூறைப் பற்றிக்கொள்கிறது. கூடவே சிசிஆர்5 என்ற துணைப் பிடிப்பும் வேண்டும். உள்ளே நுழைந்ததும் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி, செல்லின் மரபுப்பொருளுக்குள் செருகிவிடுகிறது. சிகிச்சை இல்லாத உடலில் ஒரு நாளைக்கு நூறுகோடிக் கணக்கில் புதிய வைரஸ்கள் உருவாகின்றன. தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களிலேயே குடல் சுவரில் இருக்கும் சிடி4 செல்களில் பெரும்பகுதி போய்விடுகிறது. ரத்தத்தில் எண்ணிக்கை சரிய ஆண்டுகள் ஆகும். வைரஸ் முழுமையாகப் பெருக முடியாத செல்கள்கூடத் தப்புவதில்லை. அரைகுறையாக உருவான வைரஸ் டி.என்.ஏ.வை உணர்ந்து, அந்த செல் அழற்சியைக் கிளப்பித் தானே வெடித்துச் சாகிறது.

ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் சிடி4 எண்ணிக்கை பொதுவாக 500 முதல் 1500 வரை இருக்கும். 200-க்குக் கீழே போனால் எய்ட்ஸ் நிலை. ஆனால் காசநோய் விஷயத்தில் இந்த எண்ணை மட்டும் நம்பக் கூடாது. காசநோய்க் கிருமியை அடையாளம் காணும் சிடி4 செல்களை எச்.ஐ.வி. மற்றவற்றைவிட எளிதில் தாக்குகிறது, அவை முதலிலேயே குறைகின்றன. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடம் எச்.ஐ.வி. தொற்றிய முதல் ஆண்டிலேயே காசநோய் இரண்டு மடங்கானது. மொத்த எண்ணிக்கை 500-க்கு மேல் இருக்கிறதே என்று யாரும் அசட்டையாக இருந்துவிட வேண்டாம். எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மருந்து எடுக்காதவர்களுக்கு உறங்கும் தொற்று விழித்தெழும் வாய்ப்பு ஆண்டுக்கே 5 முதல் 10 சதவீதம். மற்றவர்களுக்கு ஆயுள் முழுவதற்கும் உள்ளது இவர்களுக்கு ஒரே ஆண்டில்.

கேடு ஒருவழிப் பாதையும் அல்ல. காசநோய் மூண்ட இடத்தில் டி.என்.எஃப். பெருகுகிறது. அதே டி.என்.எஃப்., செல்லுக்குள் செருகிக் கிடக்கும் எச்.ஐ.வி. மரபுப்பொருளைத் தட்டி எழுப்பி வைரசைப் பெருகவைக்கிறது. நுரையீரல் உறையில் கோத்த நீரை எடுத்துப் பார்த்தால், ரத்தத்தில் இருப்பதைவிட அதில் வைரஸ் அதிகம் இருப்பது வழக்கம்.

இப்போது முரணுக்கு வருவோம். நுரையீரலில் ஓட்டை போடுவது நேரடியாகக் கிருமி அல்ல, நம் எதிர்ப்புதான். கிருமியோடு மல்லுக்கட்டும் செல்கள் சுரக்கும் நொதிகள் நுரையீரலின் கொலாஜனைக் கரைக்கின்றன. ஓட்டை விழுந்து அது மூச்சுக்குழாயோடு திறந்துகொண்டால்தான் சளியில் கிருமி ஏராளமாக வரும். சிடி4 குறைந்தவருக்கு அந்த மல்லுக்கட்டு இல்லை. ஓட்டை இல்லை, சளியில் கிருமியும் குறைவு. முடிச்சு கட்ட ஆளில்லாததால் கிருமி ரத்தத்தில் கலந்து நிணநீர்க் கணு, கல்லீரல், மண்ணீரல், மூளை உறை என்று பரவுகிறது. மாண்டூ பரிசோதனையில் தடிப்பே எழாமலும் போகும். அதனால்தான் மற்றவர்களுக்கு 10 மில்லிமீட்டர் என்றிருக்கும் அளவை எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 5 மில்லிமீட்டர் என்று வைத்திருக்கிறார்கள்.

ஆகவே எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இரண்டு வார இருமல் என்ற கணக்கு பொருந்தாது. ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போகும் ஒவ்வொரு முறையும் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும்: இருமல் உண்டா, ஒரு நாள் இருமலானாலும் சரி, காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா, இரவில் வியர்க்கிறதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் பரிசோதனை உடனே நடக்க வேண்டும். நுண்ணோக்கியில் சிவப்புக் குச்சிகளாகக் கிருமி தெரிய, ஒரு மில்லிலிட்டர் சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருக்க வேண்டும். சிபிநாட் என்ற மரபணுப் பரிசோதனைக்குச் சுமார் 130 போதும். ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் அதுவே சொல்லிவிடும். எனவே நுண்ணோக்கிப் பரிசோதனையோடு நின்றுவிடாமல் சிபிநாட் அல்லது அதே வகைப் பரிசோதனையான ட்ரூநாட் கேளுங்கள்.

சளி கொடுப்பதிலும் முறை இருக்கிறது. காலையில் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள். திறந்த வெளியில் நின்று, இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சிழுத்து, அடி நெஞ்சிலிருந்து இருமித் துப்புங்கள். 2 மில்லிலிட்டராவது கெட்டியான சளி வேண்டும். எச்சிலைக் கொடுத்துவிட்டு நோய் இல்லை என்று திரும்பியவர்கள் ஏராளம். சளியே வராதவர்களுக்கும், மிகவும் நலிந்தவர்களுக்கும் சிறுநீரில் பார்க்கும் பரிசோதனை ஒன்றிருக்கிறது. அது தேடுவது முன்னே சொன்ன லாமைத்தான். உடல் முழுக்கக் கிருமி பரவியிருக்கும்போது லாம் சிறுநீரில் இறங்குகிறது. சிடி4 குறையக் குறைய நன்றாக வேலை செய்யும் அபூர்வமான பரிசோதனை இது.

சிகிச்சையில் வரிசை முக்கியம். முதலில் காசநோய் மருந்து, ஏ.ஆர்.டி. தொடங்காதவராக இருந்தால், அடுத்த 2 வாரத்துக்குள் அதுவும். மூளை உறைக் காசநோய்க்கு மட்டும் 4 முதல் 8 வாரம் பொறுப்பார்கள். காரணம், ஏ.ஆர்.டி. தொடங்கியதும் சிடி4 செல்கள் மீண்டு வந்து, அதுவரை எதிர்ப்பின்றிக் கிடந்த கிருமி எச்சங்களின் மேல் ஒரேயடியாகப் பாய்கின்றன. பெரும்பாலும் முதல் 3 மாதத்துக்குள், நன்றாகத் தேறிவந்தவருக்குத் திடீரெனக் காய்ச்சல் ஏறும், கழுத்தில் நெறி கட்டும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பலர் நிறுத்திவிடுவது இந்தக் கட்டத்தில்தான். நிறுத்தக் கூடாது. மருந்து எதிர்ப்பு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, தேவைப்பட்டால் அழற்சியைத் தணிக்கும் பிரெட்னிசலோன் கொடுத்து மருத்துவர் இதைச் சமாளிப்பார். மூளைக்குள் இதே வீக்கம் வந்தால் உயிருக்கே ஆபத்து, அதற்காகத்தான் அந்தக் காத்திருப்பு.

காசநோய் மருந்தைத் தினமும் சாப்பிட வேண்டும். முன்பு வாரம் மூன்று நாள் முறை நடைமுறையில் இருந்தது. சென்னை சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் எச்.ஐ.வி. உள்ள 331 பேரிடம் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், தினசரி முறையே சிறந்தது என்று தெரிந்தது. வாரம் மூன்று நாள் சாப்பிட்டவர்களிடையே ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படாத கிருமி தலையெடுத்தது. 1986-இல் செல்லப்பன் நிர்மலாவும் சுனிதி சாலமனும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்ததும் இதே சென்னையில்தான். இரண்டு நோய்களின் அறிவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஊரில், ஒன்றுக்குச் சிகிச்சை பெறுபவர் மற்றொன்றுக்குப் பரிசோதிக்கப்படாமல் போவதை என்னால் ஏற்க முடியவில்லை. காசநோய் என்று தெரிந்த ஒவ்வொருவரும் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

எச்.ஐ.வி. உள்ளவருக்குக் காசநோய் இல்லை என்று உறுதியானால் தடுப்பு மருந்து உண்டு. ஐசோநியாசிட் 300 மில்லிகிராம், தினமும் 6 மாதம். கை கால் மரத்துப்போகாமலிருக்கக் கூடவே பைரிடாக்சின். அல்லது ஐசோநியாசிட்டும் ரிஃபாபென்டினும் சேர்த்து வாரம் ஒருமுறை, 12 வாரம்.

கடைசியாக, காசநோய் மருந்தும் ஏ.ஆர்.டி.யும் சேர்த்து எடுப்பவர்களுக்கு ஒன்று. ரிஃபாம்பிசின் கல்லீரல் நொதிகளை முடுக்கிவிடுவதால், ஏ.ஆர்.டி.யில் உள்ள டோலுடெக்ராவிர் என்ற மருந்து ரத்தத்தில் தங்காமல் சீக்கிரம் வெளியேறிவிடும். வழக்கமான ஏ.ஆர்.டி. ஒற்றை மாத்திரையோடு, 12 மணி நேரம் கழித்து இன்னொரு 50 மில்லிகிராம் டோலுடெக்ராவிர் மாத்திரையும் போட வேண்டும். காசநோய் மருந்து முடிந்த அன்றே இந்த இரண்டாவது மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நொதிகள் பழைய நிலைக்குத் திரும்ப நாளாகும், அதனால் இன்னும் 2 வாரம் தொடருங்கள்.

வணக்கம்.