பிலிம் எத்தனை வருஷம் தாங்கும்?

நேயர்களுக்கு வணக்கம். சென்னையில் 12 ஆண்டுகளாகக் கார்களுக்குப் பெயிண்ட் பாதுகாப்பு பிலிம் ஒட்டி வருகிறேன். "எத்தனை வருஷம் தாங்கும்?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். அது பிலிமின் தரத்தையும் நீங்கள் பார்த்துக்கொள்ளும் விதத்தையும் பொறுத்தது.

நல்ல பிலிம் டிபியு என்கிற பாலியூரித்தேன் வகை. கனம் 150 முதல் 200 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர்). பெயிண்டுக்கு மேலிருக்கும் கிளியர்கோட் என்கிற நிறமற்ற பூச்சு 40, 50 மைக்ரான்தான். அதனால் ஜிஎஸ்டி சாலையில் லாரிச் சக்கரம் தெறிக்கவிடும் ஜல்லியைப் பிலிம் வாங்கிக்கொள்ளும். வியட்நாம் போர்க்காலத்தில் ஹெலிகாப்டர் இறக்கைகளை மணலிலிருந்து காக்க வந்ததுதானே இது! விலை மலிவென்று பிவிசி பிலிம் ஒட்டினால், நம் வெயிலில் சீக்கிரமே மஞ்சளாகிவிடும்.

கல்லைவிட எனக்குப் பயம் காக்கை எச்சம்தான். ஒரு மே மாதம், ஊருக்குப் போயிருந்த வாடிக்கையாளர் ஒருவர் வெள்ளைக் காரைப் புங்கமரத்தடியில் மூன்று நாள் விட்டுவிட்டார். திரும்பி வந்தால் பானட் முழுக்க எச்சம். வெயிலில் பிலிம் இளகும், எச்சம் காய்ந்து இறுகும், அதிலுள்ள அமிலம் உள்ளே இறங்கும். கழுவிப் பார்த்தோம், கறை போகவில்லை. அவர் முகம் வாடிவிட்டது. பானட் பிலிமை மட்டும் மெதுவாக உரித்தேன். அடியில் பெயிண்ட் ஷோரூமில் பார்த்த மாதிரியே இருந்தது! பட்ட அடியை எல்லாம் பிலிமே ஏற்றுக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த சந்தோஷம் இன்னும் மனதில் இருக்கிறது.

ஆகவே எச்சம் விழுந்தால் அன்றைக்கே துடையுங்கள். ஈரத்துணியை ஐந்து நிமிடம் மேலே போட்டு ஊறவிட்டுத் துடைத்தால் போதும். நகத்தால் சுரண்ட வேண்டாம். திரும்பவும் சொல்கிறேன், அன்றைக்கே.

துணி பட்டு விழும் மெல்லிய கீறல்கள் வெயில் சூட்டில் தானே மறையும். ஆழமாக வெட்டுப்பட்டால் மறையாது. அப்புறம், வாட்டர் வாஷில் பிரஷர் கன்னைப் பிலிமின் ஓரத்துக்கு நேராகப் பிடிக்கவிடாதீர்கள். ஓரம் ஒருமுறை எழும்பினால் தூசி புகுந்து கருப்புக்கோடு விழும்.

நேரம் முடியப்போகிறதாம். உரிப்பதைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சரி, ஒன்று மட்டும்: டச்சப் செய்து மறுபடி பெயிண்ட் அடித்த பாகம் இருந்தால், ஒட்டும் முன்பே கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். பின்னால் உரிக்கும்போது அந்தப் பெயிண்டும் சேர்ந்து வந்துவிடலாம். வணக்கம்.